பயந்தவரின் பெரிய இதயம்

அவரைப் போலப் பயப்படுகிற ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நாய்க்குப் பயம். இடிக்குப் பயம். ஆஸ்பத்திரி லிஃப்டின் கம்பிக்கதவு இழுத்து மூடப்படும் சத்தத்துக்குப் பயம். அதனால் மூன்று மாடியும் படியேறித்தான் வருவார். வந்து நிற்கும்போது மூச்சு வாங்காது. முதல் நாள், நான் ஜெல் குப்பியைக் கையில் எடுத்ததும், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"சிஸ்டரே, அது பொள்ளுமா?"

"சுடாது. கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான்."

"குளுந்தா நெஞ்சு நின்னு போயிராதே?"

நான் சிஸ்டர் இல்லை, எக்கோ எடுக்கும் டெக்னீஷியன் என்று சொல்லிப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லோரும் அவருக்கு சிஸ்டர்தான். கடைசிவரை அப்படியே கூப்பிட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீவராகத்திலிருந்து பஸ் பிடித்துத் திருவனந்தபுரத்தின் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் இயந்திரம் அங்கே வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. பீரோ அளவுக்கு இருக்கும். இன்றைக்குப் போல வண்ணமெல்லாம் கிடையாது. திரையில் மங்கலாக ஒரு விசிறி விரியும். அதற்குள் இதயம் சுருங்கி விரிவது தெரியும். அளவெடுப்பதற்கென்று தனியாக ஒரு காகிதச் சுருள் ஓடிவரும். இதயத்தின் சுவர்கள் அதில் அலையலையான கோடுகளாக விழும். கோடுகளுக்கு நடுவில் காலிப்பர் என்னும் இரட்டைமுனைக் கருவியை வைத்து அளந்து, இத்தனை மில்லிமீட்டர் என்று நான் எழுத வேண்டும். நான் எழுதியதை வைத்து டாக்டர் முடிவு சொல்வார்.

அவர் பொன்முடிப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தபால் பை சுமப்பவர். வித்துரா வழியாக வரும் பஸ் மலையடிவாரத்தில் பையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். மேலே போகிற பஸ் ஒரு நாளைக்கு ஒன்றுதான். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. காலையில் வெறுங்கையோடு இறங்குவார், மத்தியானம் பையோடு ஏறுவார். பதினாறு வருஷமாக அந்தக் கொண்டையூசி வளைவுகளை அவர் நடந்து ஏறியதே கிடையாது. ஓடித்தான் ஏறுவார்.

காசநோய் இருக்கிறதா என்று பார்க்க எஸ்டேட் ஆட்களுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். நுரையீரலுக்காக எடுத்த படத்தில் அவருடைய இதயம் இருக்கவேண்டியதைவிடப் பெரிதாக விழுந்திருந்தது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்தவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நெஞ்சு வீங்கியிருக்கு. இனி மலை ஏறினா எப்ப வேணும்னாலும் விழுந்துருவே" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே பை வேறொருவர் தோளுக்குப் போய்விட்டது.

எங்களிடம் வந்து சேர்ந்தபோது அந்த 'எப்ப வேணும்னாலும்' அவரைப் பாதி தின்று முடித்திருந்தது. அறைக்குள் நுழைந்ததும் முதலில் நாற்காலி எங்கே என்று பார்ப்பார். விழுந்தால் எங்கே விழுவது என்று பார்த்துக்கொள்கிறார் என்று பின்னால்தான் புரிந்தது.

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். உதடு காய்ந்துபோய், கட்டில் கம்பியைப் பிடித்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. திரையைப் பார்த்த எனக்கு இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறோ என்று தோன்றியது. இத்தனை நடுக்கத்திலும் நாடி நிமிடத்துக்கு நாற்பத்தாறு. பெரிய இதயம், ஒவ்வொரு துடிப்பும் நிறைந்து, அவசரமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த முகமும் அந்த இதயமும் ஒரே ஆளுடையவை என்று நம்ப முடியவில்லை.

பேச்சுக் கொடுத்தால் நடுக்கம் குறையுமே என்று கேட்டேன். "தினம் ஓடித்தான் ஏறுவீங்களாமே? அப்படி என்ன அவசரம்?"

"அவசரம் ஒண்ணும் இல்ல சிஸ்டரே. பேடி."

பயத்துக்கு அவர் பேடி என்றுதான் சொல்வார். மலையில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்குப் பாதிச் சொல் மலையாளம்.

"ஏழாம் வளைவுல ஒருக்க ஆன நின்னுச்சு. என்னயப் பாக்கக்கூட இல்ல, சும்மா நின்னுச்சு. அன்னைக்கு ஓட ஆரம்பிச்சதுதான். பத்தாம் வளைவுல காட்டுப்போத்து கெடக்கும், எருமையவிடப் பெரிசு. அதுவும் கழிஞ்சா அட்ட. நின்னா காலுல ஏறிரும்லா? பெறகு எங்க நடக்க? மேல லைன் வீட்டுப் புகையக் கண்டாத்தான் காலு நிக்கும்."

நான் சிரித்துவிட்டேன். எஸ்டேட்டில் அவரைப் பெரிய ஓட்டக்காரர் என்று நினைத்திருந்தார்கள். எஸ்டேட் விளையாட்டுப் போட்டியில் வருஷா வருஷம் அவருக்குத்தான் முதல் பரிசு. மேனேஜர் ஒரு தடவை திருவனந்தபுரத்தில் நடந்த பந்தயத்துக்கு ஜீப்பில் கூட்டி வந்திருக்கிறார். மைதானத்தில் கூட்டத்தைப் பார்த்ததும், கக்கூஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. திரையில் நாடி நாற்பத்திரண்டுக்கு இறங்கியது.

இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவர்தான் விஷயம். பதினொரு மில்லிமீட்டர் தடிப்புவரை இருந்தால் கவலை இல்லை. அவருக்குப் பதினான்கு என்று எழுதினேன்.

எங்கள் டாக்டர் நாகர்கோவில்காரர். எதையும் மறைக்கத் தெரியாதவர். தபால்காரரை எதிரே உட்காரவைத்துச் சொன்னார்.

"இதுல ரெண்டு சங்கதி உண்டு வே. ஓடி ஓடி நெஞ்சுத் தசை பெருகுகது ஒண்ணு. பாரம் தூக்குகவன் கை தடிக்கும்லா, அது மாதிரி. அதுல பயம் இல்ல. இன்னொண்ணு, ஓடாமலே, பிறவியில வந்த கோளாறுல தசை தாறுமாறா தடிக்கிறது. அதுலதான் நல்லா நிக்கிற ஆளு திடீர்னு விழுவான். ஒரு அளவுத் தடிப்புல ரெண்டும் படத்துல ஒண்ணுபோல இருக்கும்."

"எனக்கு எது சாரே?"

"நோய்னா உள்ள இருக்க அறை சுருங்கியிருக்கும். உமக்கு நல்லா விரிஞ்சிருக்கு. அதனால ஓட்டம்தான்னு என் மனசு சொல்லுது. ஆனா மனசு சொல்றத சீட்டுல எழுத முடியாது. பதினாலு ரெண்டுங்கெட்டான். உம்ம வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு செத்திருக்காளா?"

"இல்ல சாரே. அண்ணன் ஒருத்தன் இருந்தான். பாக்டரிப் படியில வழுக்கி விழுந்து போயிட்டான். தலையில அடி."

டாக்டர் தலையசைத்தார். நான் எழுதிக்கொண்டேன்: அண்ணன், விபத்து.

மூன்று மாதம் ஓடக்கூடாது, மலை ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அதற்குப்பின் திரும்ப அளப்பது. ஓட்டத்தால் தடித்த சுவர் என்றால் ஓட்டத்தை நிறுத்தினால் மெலியும். நோய் என்றால் அப்படியே நிற்கும். இதுதான் டாக்டர் சொன்ன வழி.

"அதுக்குள்ள ஒண்ணு ஆயிட்டா சாரே?"

"ஆகாதுன்னுதான் நினைக்கேன்."

"எழுதித் தருவியளா?"

டாக்டர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திருகி, திரும்ப வைத்துவிட்டார்.

எஸ்டேட்டில் அவரை நாற்றங்காலுக்குக் காவல் போட்டார்கள். தேயிலைக் கன்றுகளுக்கு நடுவே ஒரு பலகையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் வேலை. அந்த மூன்று மாதத்தில் யாரும் வரச்சொல்லாமலே மூன்று தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் எக்கோ அறை வாசலில் நின்று, "சும்மா சிஸ்டரே, நான் இருக்கனானு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்பார். கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தில் கேலி இருக்காது.

இரண்டாவது தடவை வந்தபோது பாதியாக இளைத்திருந்தார். சூடாகத் தேநீர் குடிப்பதை விட்டிருந்தார். இடப்பக்கம் படுப்பதில்லை. வீட்டில் கைக்குழந்தையைக்கூடத் தூக்குவதில்லை, தூக்கியபடி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று.

"ஓடும்போது அது சத்தமே போடாது சிஸ்டரே. இப்பத்தான் கேக்குது. தேயிலக் கன்னையெல்லாம் பாத்துக்கிட்டு இருப்பேன், டப்புனு ஒண்ணு அடிக்கும். அடுத்தது வருமான்னு காத்துக்கிட்டிருப்பேன். அது வாறவரைக்கும் எனக்கு உசிரு இல்ல."

நாற்பத்திரண்டு துடிப்பு என்றால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று அன்றைக்குத்தான் நான் என் கைக்கடிகாரத்தில் எண்ணிப் பார்த்தேன். ஒரு வினாடிக்கும் மேல். பயந்தவனுக்கு அது மிக நீளம்.

அந்தப் பயம் என்னையும் தொற்றியது. பதினான்கு என்று எழுதியது என் கை. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவருடைய காகிதச் சுருளை எடுத்துத் திரும்ப அளந்தேன். கோட்டின் உள்விளிம்பில் வைத்தால் பதின்மூன்று. வெளிவிளிம்பில் வைத்தால் பதினைந்து. பதின்மூன்று என்று எழுதியிருந்தால் டாக்டர் அவரைப் போகச் சொல்லியிருப்பாரோ என்னவோ. பதினைந்து என்றால் நோய் என்றே சொல்லியிருக்கக்கூடும். ஒரு ஆள் ஓடலாமா, எப்போது விழுவான் என்பதெல்லாம் பென்சில் கோட்டுப் பருமனில் கிடந்தது. வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இடைவெளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்போல. அம்மா, "என்னடி, சாதத்தைச் சாப்பிடாம விரலை அளந்துண்டிருக்கே? ஆபீஸை ஆத்துக்குக் கொண்டுவராதேன்னு எத்தனை தரம் சொல்றது" என்று கடிந்துகொண்டாள்.

மூன்று மாதம் முடிந்து வந்த அன்று அவர் சட்டையைத் தானே கழற்றிப் படுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் மூன்று தடவை அளந்தேன். டாக்டர் வந்து என் கையிலிருந்து காலிப்பரை வாங்கித் தானும் அளந்தார். பதினொன்று. அறையின் விரிவும் குறைந்திருந்தது.

"ஓய், எழும்பும். உம்ம நெஞ்சு ஓட்டக்காரன் நெஞ்சு. எஸ்டேட்டுக்கு நான் எழுதித் தாறேன். போய் ஓடும் வே!" என்று அவர் முதுகில் தட்டினார் டாக்டர்.

டாக்டர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. படுக்கையிலிருந்து எழுந்தவர் சிரிக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, வெளியே போய் நடைவழியில் நின்றார். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட வந்தபோதும் அங்கேயே நின்றிருந்தார்.

"சிஸ்டரே, ஒண்ணு கேக்கட்டா? சாருகிட்ட கேக்கப் பேடியா இருக்கு."

"சொல்லுங்க."

"மூணு மாசம் சும்மா இருந்தேன்லா, அண்ணனையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். தேயிலப் பெட்டியத் தூக்கிக்கிட்டு நாலு படி ஏறினான். நான் கீழ நிக்கேன். வழுக்கினா ஆளு கத்தும்லா? கைய நீட்டும்லா? அவன் கத்தல்ல. கை நீட்டல்ல. பெட்டிய விட்டுட்டு அப்பிடியே மடங்கிட்டான். ஒம்பது வருசமா, விழுந்து செத்தான்னு சொல்லிக்கிட்டிருக்கோம். செத்து விழுந்திருப்பானோ?"

நான் அடுத்த நோயாளியின் சீட்டைப் புரட்டினேன். அவர் விடவில்லை.

"ஓடினா நெஞ்சு தடிக்கும்னு சாரு சொன்னாரு, சரி. அவன் ஓடினதே இல்லியே. அவனுக்கு ஒரு பொண்ணு உண்டு, என் வீட்டுலதான் வளருதா. பதினாறு வயசு. அவளையும் ஒருக்கப் பாக்கலாமா?"

"அவளுக்கு உடம்புக்கு என்ன செய்யறது?"

"ஒண்ணும் செய்யல்ல."

பெஞ்சில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். மூன்று மாதமாக அவர் பயத்தை நான் சுமந்து களைத்திருந்தேன். எரிச்சலில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "ஒண்ணும் செய்யலேன்னா என்ன பாக்கறது? இல்லாத வியாதியை எதுக்குத் தேடிண்டு வரேள்? உங்களைப் பத்திப் பயப்பட ஒண்ணும் மிச்சமில்லேன்னு இப்போ அவளைப் பத்திப் பயப்படறேள்."

"அதும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். டாக்டரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே படவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பெண்ணோடு வந்து நின்றார். மயக்கம் வருகிறது என்று பொய் சொல்லிச் சீட்டு வாங்கியிருந்தார். பச்சைத் தாவணி, இரட்டைச் சடை, சிரித்த முகம். "சித்தப்பாவுக்குக் கிறுக்கு சிஸ்டரே" என்று அவர் முன்னாலேயே சொன்னாள். "போன வாரம் ஸ்கூல்ல ஓட்டத்துல மூணாவது வந்தேன். எனக்கா சீக்கு?"

ஆயா துணித்திரையை இழுத்து மறைத்தாள். அவர் அந்தப் பக்கம் நின்றார். திரையின் கீழே அவருடைய செருப்புகள் தெரிந்தன.

விசிறி விரிந்ததும் நான் நெஞ்சில் வைத்திருந்த புரோபை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டேன். அவருடைய இதயத்தில் பெரிய கூடம் போல விரிந்திருந்த அறை இவளுக்கு ஒரு பிளவு அளவுக்குத்தான் இருந்தது. நடுச்சுவர் அதற்குள் பிதுங்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் வால்வின் இதழ் போகவேண்டிய பக்கம் போகாமல் அந்தச் சுவரை நோக்கி இழுபட்டது. இரத்தம் வெளியே போகும் வழி அந்த நேரத்துக்கு அடைபட்டது. அளந்தேன். இருபத்துமூன்று. உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று யோசிக்க அங்கே ஒன்றுமில்லை.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. "என்னய எடுக்கும்போது நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க சிஸ்டரே. இப்பப் பேசல்ல."

நான் புரோபை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனேன்.

டாக்டர் அவளைப் படுக்கவைத்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். எழுந்து நிற்கச் சொல்லித் திரும்ப வைத்தார். நின்றபோது இரைச்சல் கூடியது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு சித்தப்பாவை வெளியே கூட்டிப்போய் அண்ணனைப் பற்றிக் கேட்டார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"அண்ணன் கதைய உன்கிட்ட எப்பம்மா சொன்னாரு?"

"போன தடவை வந்தபோது, டாக்டர்."

"அஞ்சு வாரம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அந்த ஐந்து வாரத்தில் அவள் தினமும் மலை இறங்கிப் பள்ளிக்கூடம் போய் ஏறி வந்திருக்கிறாள். விறகு சுமந்திருக்கிறாள். பந்தயத்தில் ஓடியிருக்கிறாள். மூன்றாவதாக வந்தேன் என்று அவள் சொன்ன சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கை வேர்க்கிறது.

அவளுக்கு மாத்திரை எழுதினார்கள். நெஞ்சின் வேகத்தைத் தணித்து வைக்கும் மாத்திரை, ஆயுசுக்கும். ஓடக்கூடாது, மலை ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அவரிடம் சொன்ன அதே மூன்று. ஆனால் இவளுக்கு மூன்று மாதக் கணக்கு இல்லை. அவள் அழுதாள். அவர் நொறுங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கை நடுங்கவில்லை. படி ஏறலாமா, எத்தனை படி, தண்ணீர்க் குடம் எடுக்கலாமா, அரைக் குடம் என்றால், சிரித்துக் குலுங்கினால் பரவாயில்லையா, என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, என்னைக் காகிதத்தில் எழுதித்தரச் சொன்னார். எழுதும்போது சொன்னேன்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது."

"நீங்க சொன்னதுக்கப்புறம் சும்மா இருக்கத்தான் பாத்தேன் சிஸ்டரே. முடியல்ல" என்றார்.

அடுத்த மாதமே வித்துராவில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், சமதரையில் ஒரு வீடு பார்த்துக் குடும்பத்தை இறக்கிவிட்டார். தபால் பை திரும்பக் கிடைத்தது. பையை மேலே சேர்த்துவிட்டு, சாயங்காலம் அதே வளைவுகளை ஓடி இறங்கி வந்துவிடுவாராம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிவந்தார். லிஃப்டில். கதவு மூடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்தபடி.

அவள் படித்து முடித்துப் பாலர் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த வருஷம்வரை எனக்குத் தெரியும். அதற்குப்பின் நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டேன்.

அவரை நினைத்தால் ஒரு மத்தியானம்தான் வரும். பரிசோதனை முடிந்து அவர்கள் இறங்கிப் போனபின் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். கேட்டுக்கு வெளியே வித்துரா பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் முப்பதடி இருக்கும். நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். கண்டக்டர் படியில் தொங்கியபடி இவர்களைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார். பெண்ணின் தோள் முன்னால் சாய்ந்தது. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவருக்கு அந்த முப்பதடி ஒன்றுமே இல்லை. கண்டக்டர் ஏதோ கத்தினார், விசில் அடித்தது, பஸ் நகர்ந்தது. இருவரும் வெயிலில் அப்படியே நின்றார்கள்.

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.